எண்பது பந்துக் கை

என் அக்காதான் அத்தானுக்குத் தலை வாரி விடுவாள். லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனை ஒட்டி, ரயில் பாதை ஓரமாக இருந்த எங்கள் குடியிருப்பில், வாசலில் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் அவர் உட்கார்ந்திருப்பார். அக்கா பின்னால் நின்று அவர் தாடையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஈரத் தலையில் வகிடு எடுப்பாள். பிறகு முன்னால் வந்து சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு விடுவாள். எதிர்வீட்டு வங்காளி அண்ணி, பௌதி என்போம், குழாயடிக்குப் போகிற வழியில் வாளியை இறக்கி வைத்துவிட்டு இதைப் பார்ப்பாள். "கீ ப்ரேம் கோ!", என்ன காதல் பாருங்கள் என்று கூவித் தன் புருஷனை வெளியே அழைத்துக் காட்டுவாள், பார், பெண்டாட்டி என்றால் எப்படி வைத்துக்கொள்கிறாள், நீயும் இருக்கிறாயே என்று வங்காளத்தில் வசவு தொடரும். அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அத்தானும் சிரிப்பார். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது என்பதால் அந்தத் தெருவே அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டது. காதலும் இருந்திருக்கலாம். ஆனால் அத்தானின் வலது கை காலை நேரத்தில் காதுக்கு மேலே எழும்பாது என்பதுதான் விஷயம். அது அவருக்கும் அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

அத்தான் ஒரு பேஸ்பால் பிட்சர். இதைச் சொன்னால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து, கிரிக்கெட்டைத்தான் தப்பாகச் சொல்கிறேன் என்று திருத்தப் பார்ப்பார்கள். கல்கத்தாவில் எல்லா விளையாட்டுக்கும் ஒரு மூலை உண்டு. ஃபுட்பாலுக்கும் கிரிக்கெட்டுக்கும் கூட்டம் கூடுகிற அதே மைதானத்தில், ஆடு மேய்கிற ஒரு ஓரத்தில், கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் இடையில் பேஸ்பால் போட்டிகள் நடக்கும். பார்க்க வருகிறவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். ஆனால் அந்த இருபது பேருக்காக அங்கே யாரும் ஆடவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு என்பதற்காக ஆடினார்கள். அத்தானும் அப்படித்தான், தொண்ணூறுகளின் பாதியில், ஓர் அரசுத் தொழிற்சாலையின் பட்டறையில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காகிதம் புதுப்பிக்கப்படும். அப்படிப் புதுப்பித்துப் புதுப்பித்தே ஆறு வருஷம் ஓடிவிட்டது. அப்பா லேக் மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கினார். பெண்ணை ஒரு கவர்மென்ட் ஆளுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தற்காலிகம் என்ற சொல்லை அவர் காதில் வாங்கவே இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அதே தொழிற்சாலையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் மாதம் அத்தான் என்னை அணிக்குள் இழுத்துக்கொண்டார். மட்டைக்காரனின் முதுகுக்குப் பின்னால், முகத்தில் கம்பி மூடியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிட்சர் எறிகிற பந்தைப் பிடிக்கிற கேட்சர் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. மூட்டுக்கும் விரலுக்கும் உத்தரவாதமில்லாத வேலை. "படிச்சவன் நீ ஒருத்தன்தான் மாப்ள, கணக்கு தப்பாது," என்றார் அத்தான். அப்போது நான் அதைக் கேலி என்று நினைத்தேன். அவருக்குத் தேவைப்பட்டதே கணக்குதான் என்பது பிறகுதான் புரிந்தது.

தோள் எப்போது கெட்டது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. அணியில் இன்னொரு பிட்சர் இருந்தவரை மாறி மாறிப் போட்டார்கள். அந்த ஆள் துர்காப்பூருக்கு மாற்றலாகிப் போனதும் எல்லா ஆட்டமும் அத்தான் தலையில் விழுந்தது. டாக்டரிடம் போனால் சீட்டு எழுதுவார். சீட்டு ஆபீசுக்குப் போகும். உடல் தகுதியில்லாத தற்காலிக ஆளுக்கு அடுத்த ஆறு மாதக் காகிதம் வராது. அதனால் டாக்டர் கிடையாது. அக்கா வாணலியில் கல்லுப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். வெயில் ஏறிய பிறகு கை மெல்லத் தோள் உயரத்துக்கு வரும். அந்த உயரத்திலிருந்து பக்கவாட்டாக வீசுவார். அப்படி வீசினால் எத்தனை பந்து தாங்கும் என்பதை நாங்கள் ஒரு பருவம் முழுக்கக் கவனித்தோம். எழுபத்தைந்து வரை ஒன்றும் தெரியாது. எண்பதைத் தொட்டால் முழங்கை இறங்கிவிடும். எண்பத்திரண்டு, எண்பத்து மூன்றில் பந்து அவர் சொன்ன இடத்துக்குப் போகாது. அன்று இரவு முழுக்க அவர் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தே தூங்குவார். ஆகவே எண்பது என்பது எங்கள் வீட்டு எண்ணாக ஆயிற்று. ஒரு முழு ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று பேராக எதிரணியில் இருபத்தேழு பேரை அவுட்டாக்க வேண்டும். எண்பதை இருபத்தேழால் வகுத்தால் தலைக்கு மூன்று பந்துகூட வராது.

அந்த நாட்களில் பாலிகஞ்ச் பக்கம் நடைபாதையில் பழைய பத்திரிகைகளைக் குவித்து விற்கிற இடத்தில் ஓர் அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகை கிடைத்தது. அட்டை இல்லை. உள்ளே, அந்த நாட்டில் முழு ஆட்டத்தையும் தனி ஆளாகப் போட்டு, அதையும் நூறு பந்துக்குக் குறைவாகவே முடித்துவிடுகிற சில பிட்சர்களைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். மட்டைக்காரனை ஏமாற்றித் திணறடித்து வெளியேற்றுவதில் அவர்களுக்கு ஆசை கிடையாது. அப்படி வெளியேற்றக் குறைந்தது மூன்று பந்து செலவாகும். அவர்கள் அவனை அடிக்க வைப்பார்கள். அடிக்கத் தோன்றுகிற மாதிரியும், அடித்தால் தரையில் உருள்கிற மாதிரியும் போடுவார்கள். ஒரே பந்தில் ஓர் ஆள் அவுட். வாசல்படியில் உட்கார்ந்து இதை நான் தமிழில் சொல்லச் சொல்ல அத்தான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.  பிறகு, "அவனுகளுக்கும் தோளு வலிச்சிருக்கும்லா," என்றார். இல்லை அத்தான், அவர்கள் பெரிய வீரர்கள், அது அவர்கள் திறமை என்றேன். "திறமையா? வலிக்காதவன் எதுக்குல எண்ணிப் போடுதான்?" என்று கேட்டார். 

அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலைக்குப் போகுமுன் ஏரிக்கரையில் ஒரே பந்தைப் பழகினோம். மட்டைக்காரனின் முழங்காலுக்கு நேராக வந்து, கடைசி ஒரு முழத்தில் தலை கவிழ்ந்து தண்ணீருக்குள் போவதுபோல இறங்குகிற பந்து. அதற்கு 'முங்கி' என்று பெயர் வைத்தார் அத்தான். முங்கியை ஆசைப்பட்டு அடிக்கிறவன் பந்தின் உச்சியைத்தான் அடிப்பான். அது உருண்டு நம் ஆள் கைக்கு வந்துவிடும். அடிக்காமல் விட்டால் அது கீழே போன பந்து; நான்கு அப்படிப் போனால் அவன் முதல் பேஸ் என்கிற முதல் நிலைக்கு இலவசமாகப் போய்விடுவான், நமக்கு நஷ்டம். ஆனால் கல்கத்தா மைதானத்தில் யார் அடிக்காமல் விட்டார்கள்? ஆபீசில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறவன் மட்டையை வீசத்தான் வருகிறான். அந்த ஆசைதான் எங்கள் மூலதனம். எழுபத்து நான்கில் ஓர் ஆட்டம் முடிந்தது. எழுபத்தொன்பதில் ஒன்று. செக்ரட்டரி பாபு, அதாவது தொழிற்சாலையின் விளையாட்டுச் செயலர், "உன் ஆள் சோம்பேறியா, மேதையா?" என்று என்னிடமே கேட்டுச் சிரித்தார்.

எண்ணிக்கை என் பொறுப்பு. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் அத்தான் பந்தெறிகிற மேட்டிலிருந்து இறங்கும்போது "எத்தன?" என்பார். நான் முகமூடியைத் தூக்கிவிட்டு உரக்க எண்ணைச் சொல்வேன். தமிழில்தான். அணியில் வங்காளிகள், பிஹாரிகள், இரண்டு பஞ்சாபிகள். தமிழ் யாருக்கும் தெரியாது. தோள் ரகசியம் காக்க அதைவிடப் பத்திரமான பெட்டி எது? முதல் பேஸில் நிற்கிற டிஸ்பாட்ச் பிரிவு தாதா (வங்காளத்தில் அண்ணன்), எங்களில் பருத்தவர், நாங்கள் ஏதோ சாமி கும்பிடுகிறோம் என்றே நம்பினார். "ஏ மாத்ராஜி, மொந்த்ரோ ஆஸ்தே போல்! போகோபான் காலா நொய்!" என்பார். மந்திரத்தை மெதுவாகச் சொல்லு, பகவான் செவிடு இல்லை என்று அர்த்தம். அதற்கு அத்தான், எங்கள் பகவான் ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறார், சத்தமாகச் சொன்னால்தான் கேட்கும் என்று பதில் கொடுப்பார். அணியே சிரிக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தொழிற்சாலையில் ஆள் குறைக்கும் பேச்சு வந்தது. விருப்ப ஓய்வுக் காகிதங்களைப் பட்டறை பட்டறையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தற்காலிக ஆட்களுக்கு மார்ச்சுக்குப் பின் காகிதம் கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். விளையாட்டு ஆட்களில் மட்டும் சில பேரை நிரந்தரமாக்க ஒரு பட்டியல் போகிறது, அதில் பேஸ்பாலுக்கு இடம் வேண்டுமென்றால் காட்ட ஒரு கோப்பை வேண்டும் என்றார் செக்ரட்டரி பாபு. "கப் லாவோ, நௌக்ரி லே ஜாவோ," கோப்பையைக் கொண்டு வா, வேலையை வாங்கிக்கொண்டு போ என்று அத்தானின் நல்ல தோளில் தட்டினார். அரையிறுதியை எழுபத்தெட்டில் முடித்தோம். இறுதி ஆட்டம் ஒரு வங்கி அணியோடு. அக்காவுக்கு அப்போது ஆறு மாதம். ஆட்டத்தன்று காலையில் அவள் பொத்தான் போட்டு முடித்துவிட்டு, அவர் கையைத் தன் கையில் எடுத்து, ஒரு பாத்திரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள். "எண்பதுதான் கேட்டியா," என்றாள் என்னிடம். "அதுக்கு மேல ஒண்ணு போகக்கூடாது. நீதான் பாத்துக்கிடணும்."

வங்கி அணிக்கு ஸ்கோர் எழுதுகிறவர் ஓய்வை நெருங்கிய ஓர் அதிகாரி. வெள்ளை அரைக்கை சட்டை, தலையில் தொப்பி, தோளில் துணிப்பை. தப்பி வருகிற பந்தைத் தடுக்கிற வலைக்குப் பின்னால், எனக்கு ஏழெட்டடி தள்ளி, மடக்கு நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்தார். தேநீர்க்காரனிடம் மண்குவளை சிறியதாகிவிட்டது என்று அழகான வங்காளத்தில் சண்டை போட்டார். அம்பயரோடு இலீஷ் மீன் சீசனைப் பற்றிப் பேசினார். இன்னொரு பாபு என்று நினைத்து நான் மறந்துவிட்டேன்.

முதல் ஆறு இன்னிங்ஸைப் போல அத்தான் அதற்கு முன் போட்டதில்லை. வங்கிக்காரர்கள் வரிசையாக வந்து மட்டையை வீசினார்கள். முங்கி வரிசையாகத் தரையில் உருண்டது. டிஸ்பாட்ச் தாதா இருக்கிற இடத்திலிருந்து நகராமலே பாதிப்பேரை அவுட்டாக்கினார். நாங்கள் இரண்டு ஓட்டம் எடுத்திருந்தோம், அவர்கள் பூஜ்யம். ஆறாவது இன்னிங்ஸ் முடிந்து அத்தான் இறங்கி வந்தபோது என் தலைக்குள் ஏதோ கழன்றுவிட்டது. அக்காவின் முகம், நிரந்தரமானால் கிடைக்கிற குவார்ட்டர்ஸில் ஒரு ஜன்னல், எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. எப்போதும் எண்ணை மட்டும் சொல்கிறவன் அன்று வாய் நிறையக் கத்தினேன்: "அம்பத்திரெண்டு அத்தான்! கை எண்பது வரைக்கும் தாங்கும், இன்னும் இருவத்தெட்டு இருக்கு. ஒம்போது பேருதான் மிச்சம். ஜெயிச்சாச்சு!"

வலைக்குப் பின்னால் பேனா நின்றது. அதை நான் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, எழுந்து, தன் அணியின் பெஞ்சைப் பார்த்து நடந்ததையும் பார்த்தேன். சிறுநீர் கழிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

ஏழாவது இன்னிங்ஸின் முதல் ஆள் வந்து மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். முங்கி வந்தது, பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொன்று வந்தது, பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவது கீழ்ப்பந்தோடு முதல் பேஸுக்கு இலவசமாக நடந்து போனான். அடுத்தவனும் அப்படியே நின்றான். அத்தான் என்னை அருகில் அழைத்து, "என்னல இது, சாமி சிலை மாதிரி நிக்கானுவ?" என்றார். முங்கியை விட்டு நேராகப் போடுங்கள் என்றேன். நேராக, அம்பயர் ஒத்துக்கொள்கிற உயரத்தில் போட்டால் ஓர் ஆளுக்குக் குறைந்தது மூன்று பந்து. அதற்கும் அவர்கள் அவசரப்படவில்லை. இன்னிங்ஸ் எப்படியோ ஓட்டமில்லாமல் முடிந்தது. இருபத்தைந்து பந்து. பெஞ்சுக்குத் திரும்பும்போது வங்கி அணியின் பயிற்சியாளர் தன் ஆட்களிடம் வங்காளத்தில் சொல்வது கேட்டது: அடிக்காதீர்கள், நில்லுங்கள், இன்னும் மூன்றே பந்து, அதற்கு மேல் அவன் கையில் ஒன்றுமில்லை.

இன்னும் மூன்று. எழுபத்தேழு போக எண்பதுக்கு மூன்று.  நான் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"எத்தன மாப்ள?" என்றார் அத்தான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிஷமே முழங்கை இறங்கிவிடும் என்று எனக்குப் பட்டது. வேறு பிட்சர் கிடையாது. டிஸ்பாட்ச் தாதாவை மேட்டில் ஏற்றினால் ஆட்டம் போகும், பட்டியல் போகும், மார்ச் வரும். தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவர் காதில் மெல்லச் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் என் வாயால்தான் கெட்டது என்று தெரிந்துவிடும். இரண்டில் எது என்னை அதிகமாகப் பயமுறுத்தியது என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குள் கேட்டுப் பார்க்கிறேன். "அறுபத்தெட்டு," என்றேன். வழக்கமான குரலில், உரக்கவே சொன்னேன்.

எட்டாவது இன்னிங்ஸில் அவர்கள் ஓர் ஓட்டம் எடுத்தார்கள். பதினாறு பந்து. அத்தானின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வந்து, தண்ணீர் குடிக்கப் பாட்டிலைத் தூக்கப் பார்த்து, தூக்காமலே கீழே வைத்தார். நான் பாட்டிலை எடுத்து அவர் வாயில் சரித்தேன். விழுங்கிவிட்டு, "எத்தன?" என்றார்.

"எழுவத்தஞ்சு. அஞ்சு இருக்கு."

"எழுவத்தஞ்சுதானா?" என்று என் கண்ணைப் பார்த்தார். "கை நூறு சொல்லுதே, மாப்ள."

"நாந்தானே எண்ணுதேன், அத்தான். கைக்கு எண்ணத் தெரியுமா? நீங்க போடுங்க."

அவர் தலையாட்டினார். மட்டைக்காரர்கள் ஆற அமர நின்றதை அவரும்தான் பார்த்தார். இத்தனை பந்துகள் போட்டவருக்கு உடம்பு சொல்லாமல் இருந்திருக்காது. ஆனால் உடம்பை நம்பாமல் என்னை நம்பினார். பள்ளிக்கூடம் போனவன் எண்ணினால் சரியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. ரேஷன் கார்டில் எழுதியிருப்பதை நான் வாசித்தால் அதுதான் எழுதியிருக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் அன்று நான் செலவழித்தேன்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் பதினெட்டு பந்து. ஒவ்வொன்றையும் இப்போதும் சொல்ல முடியும், சொல்ல மாட்டேன். இரண்டு பேர் அவுட். இரண்டு பேர் நடந்து போய், பிறகு ஒவ்வொரு பேஸ் முன்னேறி, இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் நின்றார்கள். இன்னும் ஒரே ஓர் ஆள். கடைசிப் பந்தை அவர் விடும்போது எனக்கு ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டிருக்க முடியாது; ஆனால் கேட்டது, நனைந்த துணியைக் கிழிப்பதுபோல. பந்து முங்கவில்லை. மெதுவாக, மார்பு உயரத்தில், ஒரு குழந்தைக்குப் போடுவதுபோல வந்தது. அதை மட்டும் அவன் அடித்தான். தாதாவின் கைக்கு எட்டாமல் அது புல்லில் ஓட, இரண்டு பேரும் ஓடி வந்து என் முன்னாலிருந்த, ஓட்டம் முடிகிற தட்டை மிதித்தார்கள். மூன்றுக்கு இரண்டு. அத்தான் அதைப் பார்க்கவில்லை. மேட்டில் முழந்தாளிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை மண்ணில் வைத்திருந்தார். பார்த்தவர்கள் தோற்ற துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

இரு அணியும் வரிசையாகக் கை குலுக்கின. அத்தான் இடது கையைக் கொடுத்தார். அப்போது தொப்பிக்காரர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, ரொம்ப நன்னா ஆடினேள் ரெண்டு பேரும்," என்றார். "மூணு தலைமுறையா லேக் மார்க்கெட் பக்கம் இருக்கோம். ஆபீஸ்ல, வெளில, எல்லாம் பெங்காலிதான். மைதானத்துல திடீர்னு தமிழ் காதுல விழவும் எனக்கு என்னமோ பண்ணிடுத்து. சும்மா கேட்டுண்டே இருந்தேன். அப்பறம்தான் தோணித்து, இது நமக்கு ஆகற சேதியாச்சேன்னு." அவரே தன் கெட்டிக்காரத்தனத்துக்குச் சிரித்தார். அதில் துளியும் விஷமில்லை. அவர் ஓர் ஆட்டத்தை ஜெயித்திருந்தார், அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா கடைசில நீங்க எண்ணறதைக் கோட்டை விட்டுட்டேளே தம்பி? எட்டாவது முடிஞ்சு எழுவத்தஞ்சுன்னேள். என் நோட்டுல தொண்ணூத்து மூணு. மொத்தம் நூத்துப் பதினொண்ணு. பாருங்கோ." நோட்டை விரித்து, அழகான சின்னக் கோடுகளாகப் போட்டிருந்த பந்துகளைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

அத்தான் எட்டிப் பார்த்தார். கோடுகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "நல்லா எழுதியிருக்கீய சார்," என்றார். "உங்களுக்கு எந்த ஊரு?"

"தஞ்சாவூர்ப் பக்கம்னு சொல்லுவா. நான் போனதில்லை."

"ஒரு தரம் போய்ட்டு வாங்க," என்றார் அத்தான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் தொடங்கினேன்: "அத்தான், நான்..." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டில் அக்கா அவர் கையைப் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் புரிந்துகொண்டு என் சட்டையைப் பிடித்தாள். "எத்தன போட விட்டல? சொல்லு, எத்தன?" நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொன்னார்: "அவன விடு. அவன் சரியாத்தான் எண்ணுனான். கைதான் முந்திட்டு." இன்றுவரை அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் தோளில் தசைநாண் அறுந்திருக்கிறது என்றார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்துச் செக்ரட்டரி பாபு, கோப்பை இல்லாவிட்டாலும் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். அன்று சாயங்காலம் நான் முழுநீளத் தாள் வாங்கிக்கொண்டு போனேன். அதற்கு முன்னும் அத்தானுக்கு எவ்வளவோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன எழுதினேன் என்று கேட்க மாட்டார். நான் தொட்டுக் காட்டுகிற இடத்தில் இடது கட்டைவிரலை வைப்பார், போய்விடுவார். அன்று கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"நூத்துப் பதினொண்ணு பந்து போட்டேன்னு எழுது," என்றார். "கை போற வரைக்கும் போட்டேன்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

மனுக்களில் எழுதுகிற முறைப்படி அந்த எண்ணை ஆங்கிலத்தில் எழுத்தால் எழுதினேன். மை காய்ந்ததும் தாளை அவரே எடுத்துக்கொண்டார். வரிவரியாக எதையோ தேடினார்.

"எங்க இருக்கு?"

தொட்டுக் காட்டினேன்.

"இது எழுத்துல்லா." தாளை என் பக்கம் தள்ளினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. "எண்ணால போடு மாப்ள. எழுத்து எனக்குத் தெரியாது. எண்ணு தெரியும்."

வரிக்கு மேலே எண்ணால் போட்டேன். அவர் விரலை வைத்து ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு என்று மூன்று கோட்டையும் தடவிப் பார்த்தார். "என்னங்க அதுல அப்படிப் பாக்கிய?" என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு விரலை மையில் தோய்த்தார்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. மார்ச் வந்தது. அடுத்த வருஷம் பரீட்சை எழுதி அதே தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் நான் நிரந்தரமானேன். குவார்ட்டர்ஸ் எனக்குக் கிடைத்தது. அத்தான் லேக் மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடையில் இடது கையால் சாமான்களைப் பைகளில் எடுத்து வைக்கிறார். என்னை இன்னும் மாப்ள என்றுதான் கூப்பிடுகிறார். நான் போனால் டீ வாங்கி வரச் சொல்கிறார், தொழிற்சாலைக் கதைகளைக் கேட்டுச் சிரிக்கிறார். நானும் அதைப் பற்றிப் பேச எத்தனையோ முறை வாயெடுத்து, எதையோ பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது குடியிருப்பைக் காலி செய்வது பற்றி ரயில்வேயிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்து கிடந்தது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். எனக்கு ஒரு நிமிஷ வேலை. நான் கையை நீட்டினேன். அத்தான் அதைக் கவனிக்காதவர்போலத் தன் மகளைக் கூப்பிட்டார். அப்போது அக்கா வயிற்றில் இருந்தவள், இப்போது இரண்டாம் வகுப்பு. தரையில் மண்டியிட்டு, தாளின்மேல் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே மூன்று இடத்தில் தப்பு. அத்தான் அவசரப்படவில்லை. அவள் விரலையே பார்த்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, காத்திருந்தார்.